அம்மாவின் இருப்புப் பதிவேடு

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, கணவனை இழந்த பெண்களுக்கு வேலையில் முன்னுரிமை கொடுத்தார்கள். உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளியில் அம்மா அமைப்பாளர் ஆனது அப்படித்தான். இப்போது நான் ஒன்றிய அலுவலகத்தில் அதே சத்துணவுப் பிரிவில் உட்கார்ந்து மையங்களின் பதிவேடுகளைப் பார்க்கிறேன். "உங்கம்மா கணக்குப் பாக்காம அள்ளிப் போட்ட மகராசிய்யா" என்று ஊரில் யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். அம்மா மாதிரி கணக்குப் பார்த்த ஆளை நான் கண்டதில்லை.

தொடக்கப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையால் அவ்வளவு சோறு தின்ன முடியாது. ஐந்தாம் வகுப்புப் பையனுக்கோ அது பத்தாது. அதனால் அம்மா பொடிசுகளைத்தான் முதலில் உட்கார வைப்பார். அரைக் கரண்டி போட்டு, கேட்டால் மறுபடியும் போடுவார். மிச்சம் எவ்வளவு என்று கண்ணளவில் தெரிந்த பிறகுதான் பெரிய பிள்ளைகளின் வரிசை. அதில் சில பேர் எப்போதும் கடைசியில் உட்காருவார்கள். அவர்கள் தட்டு வந்ததும், "மிஞ்சினா யாருடா திங்கிறது, பிடி" என்று சலித்துக்கொள்வது போலக் கூட ஒரு கரண்டி விழும். வீட்டில் அடுப்பு எரியாத பிள்ளைகள் அவர்கள் என்பது அம்மாவுக்கும் சமையல்கார அக்காவுக்கும் மட்டும் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்குக்கூடத் தெரியாது.

திங்கட்கிழமை என்றால் அம்மாவுக்குக் காலையிலேயே பரபரப்பு. சனி, ஞாயிறு மையம் கிடையாது, பிள்ளைகள் காய்ந்துபோய் வரும். அன்றைக்கு மட்டும் உலையைச் சீக்கிரம் வைக்கச் சொல்வார். வாத்தியார் மணி அடிக்கத் தாமதித்தால், "சோறு வெந்திருச்சு சார்" என்று வாசலில் போய் நின்றுவிடுவார்.

1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. சோற்றைக் கூட்டிக் குறைக்கலாம், முட்டையை எப்படிக் கூட்டுவது? தலைக்கு ஒன்று, அங்கேயே உரித்துச் சாப்பிட வேண்டும். ஒரு பிள்ளை முட்டையைப் பாவாடையில் முடிந்துகொண்டு எழுந்ததை அம்மா பார்த்துவிட்டார். தம்பிக்காம். "உன் பங்கை நீ தின்னு தாயி" என்று பக்கத்தில் உட்கார்ந்து தின்ன வைத்தார். எங்கள் வீட்டுக் கோழி முட்டை ஒன்று அன்று சாயங்காலமே அந்த வீட்டுக்குப் போனது. அதோடு விடவில்லை. மறுநாள் அந்தப் பிள்ளையின் அம்மாவைப் பிடித்து, தம்பியைப் பால்வாடியில் சேர்க்க வைத்தார். கோழி தினமும் முட்டையிடுமா என்ன? பால்வாடியில் அவன் பெயர் ஏறிவிட்டால் அவனுக்கும் அங்கே சோறு கிடைக்கும்.

இந்த வேலைக்கு வந்த பிறகுதான் அம்மாவின் பழைய பதிவேடுகளின் அருமை எனக்குப் புரிந்தது. மாதம் முழுக்கச் சாப்பிட்டவர் எண்ணிக்கை ஒரே மாதிரி இருந்தால் எங்களுக்கு உடனே சந்தேகம் வரும். உள்ளபடி எழுதும் கணக்கு மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். சிவராத்திரியை ஒட்டிப் பாதி ஊர் பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் கோயிலுக்குக் கிளம்பிவிடும். அம்மாவின் பதிவேட்டில் அந்த நாட்களின் எண்ணிக்கை சட்டென்று இறங்கியிருக்கும், மிஞ்சிய அரிசி இருப்பில் ஏறியிருக்கும். ஆய்வுக்கு வருகிறவர்கள் எடை போட்டுப் பார்த்தாலும் சரியாக இருக்கும். அதனால்தான் யாருக்குக் கூட ஒரு கரண்டி போட்டாய் என்று அம்மாவை எவரும் கேட்டதில்லை. எடையில் கை வைக்கிறவர்களால் அப்படிப் போட முடியாது. இதை நான் அலுவலகத்தில் பல கோப்புகளில் பார்த்துவிட்டேன்.

2022 செப்டம்பரில் மதுரை சிம்மக்கல்லில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தபோது அம்மா ஓய்வுபெற்று, முட்டிவலியோடு வீட்டில் இருந்தார். தொலைக்காட்சியில் முதலமைச்சர் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவதைக் காட்டினார்கள். அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "திங்கக்கிழமை எத்தனை மணிக்குப்பா போடுவாங்க?"

பள்ளிக்கூடம் தொடங்கும் முன்னாலேயே என்றேன். "அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு, முட்டிக்குத் தைலத்தை எடுத்துவரச் சொன்னார்.