இரண்டு ரவை டப்பா

எங்கள் வீட்டுச் சமையலறையில் ரவை இரண்டு இடத்தில் இருக்கும். எவர்சில்வர் டப்பாவில் இருப்பது உப்புமாவுக்கு. பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருப்பது மிருதங்கத்துக்கு. மாற்றி எடுத்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது, இரண்டும் ஒரே கடையில் வாங்கிய ரவைதான். ஆனால் பெரியவளுக்கு நான்கரை வயது. மிருதங்கத்தின் சாப்பாட்டை மனுஷர்கள் சாப்பிடக் கூடாது என்று அவள் சட்டம் போட்டிருக்கிறாள்.

மிருதங்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வலந்தலையின், அதாவது வலது பக்கத்தின், நடுவில் கறுப்பாக வட்டமாக இருக்கிறதே, அது எப்போதும் கூடவே இருப்பது. இடது பக்கம், அதாவது தொப்பி, அப்படியில்லை. ஒவ்வொரு முறை வாசிக்க உட்காரும்போதும் ரவையைப் பிசைந்து அதன் நடுவில் அப்ப வேண்டும். அந்தக் கனத்தில்தான் தொப்பி கீழே இறங்கிப் பேசும். வாசித்து முடித்ததும் மறக்காமல் சுரண்டி எடுத்துத் துடைத்து வைக்க வேண்டும்.

பிசைவது இப்போது பெரியவளின் வேலை. கிண்ணத்தில் ஒரு கைப்பிடி ரவை, தண்ணீரை விரல் நுனியால் சொட்டுச் சொட்டாக விடுவாள். விரலில் ஒட்டாமல், உருட்டினால் உடையாமல் வர வேண்டும். அவள் பிசைந்து கொடுப்பதற்குள் என் அரை மணி நேரத்தில் பத்து நிமிடம் போய்விடும். நான் அதைத் தட்டையாக அப்பி, ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பேன். ரவை அதிகமானால் 'பொத்' என்று செத்த சத்தம். குறைந்தால் தகர டப்பா. "இன்னும் பசிக்குதாம்ப்பா" என்பாள். பெரும்பாலும் சரியாகத்தான் சொல்கிறாள்.

நான் ஒன்பது வயதில் ஸ்ரீரங்கத்தில் ஒரு வாத்தியாரிடம் சேர்ந்தேன். தாளக் கணக்கில் புலி. புதுக்கோட்டைப் பரம்பரை வாசிப்பு வழி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். கல்லூரி, வேலைக்கான பரீட்சை என்று இடையில் விட்டுவிட்டு, வங்கியில் வேலை கிடைத்து திருச்சிக்கே திரும்பி வந்த பிறகு மறுபடி அவரிடமே போனேன். கச்சேரிக்காரன் ஆகும் கனவெல்லாம் கிடையாது. தெரிந்தவர்கள் வீட்டு நவராத்திரி, பேட்டைக் கோயில் உற்சவம், பஜனை, அவ்வளவுதான். ஆனால் தினமும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிடுவேன். கல்யாணத்துக்குப் பிறகும் அது நடந்தது. பெரியவள் பிறந்ததும் முக்கால் மணியானது. சின்னவன் வந்த பிறகு நேரத்தைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. என் மனைவி தனியார் மருத்துவமனையில் நர்ஸ், மூன்று ஷிப்ட். அவளுக்கு நைட் டியூட்டி என்றால் இரண்டு பேரும் என் பொறுப்பு.

அப்படி ஒரு ராத்திரி. சின்னவனுக்கு அப்போது ஏழு மாதம். ஒன்பதரைக்கு இருவரும் தூங்கிவிட்டார்கள். ஹாலுக்கு வந்து கதவைச் சாத்தி, ரவை போட்டு, விரல் நுனியில் மெதுவாகச் சாதகம் ஆரம்பித்தேன். பத்து நிமிடம்கூட இருக்காது, அழுகைச் சத்தம். ஓடிப்போய்ப் பக்கத்தில் படுத்துத் தட்டிக்கொடுத்தேன். யார் முதலில் தூங்கினோம் என்று தெரியாது. காலையில் பார்த்தால் தொப்பியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை. எலி ரவையைத் தின்றுவிட்டு, அதன் ஈரம் இறங்கியிருந்த தோலையும் சேர்த்தே தின்றிருந்தது.

புதுத் தோல், அதாவது மூட்டு, போட தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மிருதங்க வேலை செய்பவர் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "வீட்ல கைக்குழந்தை இருக்கா சார்?" என்றார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றேன். "ரவையைத் துடைக்காம விடுறவங்க ஒண்ணு புதுசா கத்துக்குறவங்களா இருக்கணும், இல்ல புதுசா பெத்தவங்களா இருக்கணும்." அந்த மாத டயப்பர் செலவைவிடப் புது மூட்டுக்கு அதிகம் ஆனது.

அதற்குப் பிறகு ஐந்தாறு மாதம் மிருதங்கம் உறை போட்டபடியே மூலையில் கிடந்தது. வாத்தியாருக்குப் போன் செய்து புலம்பினேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "கையில வாசிக்க நேரமில்லேன்னா வாயில சொல்லு. வாயில வராதது கையில எப்படியும் வராது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வாயில் சொல்ல எனக்குக் கிடைத்த இடம் தூளி.

படுக்கையறை உத்தரத்துக் கொக்கியில் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையைக் கட்டியிருந்தோம். கொக்கியிலிருந்து தூளியின் அடி வரை ஆறரை அடி. சின்னவனைப் போட்டு ஆட்டினால் போய்த் திரும்புவதற்கு மூன்று விநாடிக்குக் கொஞ்சம் குறைவாகும். கொஞ்சம் வேகமாகத் தள்ளினால் தூரம்தான் கூடும், நேரம் ஏறக்குறைய அதேதான். பள்ளிக்கூடத்தில் ஊசல் பாடத்தில் நீளம்தான் கணக்கு என்று எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அது என்ன சொல்கிறது என்று புரிய ஒரு குழந்தை பிறக்க வேண்டியிருந்தது.

என் வாசிப்பில் சின்ன வயதிலிருந்தே ஒரு வியாதி உண்டு. ஓட்டம். எடுக்கும்போது ஒரு காலப்பிரமாணம், அதாவது வேகம், முடிக்கும்போது இன்னொன்று. பாடுகிறவர் திரும்பி முறைக்கும் வரை எனக்குத் தெரியாது. அதிலும் மெதுவாகப் போகும் சவுக்க காலம் என்றால் பொறுமையே இருக்காது, தாளத்தின் இரண்டு அட்சரத்துக்கு, அதாவது எண்ணிக்கைக்கு, நடுவில் உள்ள இடைவெளியைப் பார்த்தால் கை பரபரக்கும். வாத்தியார் என் தொடையில் தட்டியே ஓய்ந்து போனார்.

தூளி அந்தக் கோடிக்குப் போக நான்கு மாத்திரையில் ஒரு தகதிமி, இந்தக் கோடிக்கு வர ஒரு தகதிமி. கிசுகிசுப்பாகத்தான் சொல்ல முடியும். இப்படி எட்டு வைத்தால் ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம், அதாவது ஒரு முழுச் சுற்று, பதினொரு விநாடி. முதல் வாரம் முழுக்க, தூளி கோடிக்குப் போய்ச் சேரும் முன்பே என் வாய் தகதிமியை முடித்துவிட்டு அங்கே போய் உட்கார்ந்திருந்தது. தூளி முறைக்காது, தொடையில் தட்டாது, எனக்காக வேகமாகவும் வராது. நான்தான் காத்திருக்க வேண்டும். கைப்பேசியில் தாளம் போடும் செயலிகள் உண்டு, நானும் வைத்திருக்கிறேன். அதில் ஒலி வரும் கணம் மட்டும்தான் தெரியும். தூளியில் அந்தக் கணம் மெதுவாக நடந்து வருவது கண்ணுக்குத் தெரியும். கோடியில் போய் ஒரு கணம் நின்று, பிறகு திரும்பும். அந்த நிற்கிற இடத்தில் சொல்லை வைக்கப் பழகுவதற்கு எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

சின்னவன் தூங்க நாற்பது ஆவர்த்தனம் ஆகும், ஏறக்குறைய ஏழரை நிமிடம். தூங்கிவிட்டான் என்று தெரிந்ததும் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். மிருதங்கக்காரனுக்குத் தீர்மானம், அதாவது முடிவுச் சொற்கட்டு, வைக்காமல் எழுந்திருக்க மனம் வராது. ஐந்து மாத்திரை ததிகிணதொம் மூன்று முறை, நடுவில் இரண்டிரண்டு மாத்திரை கார்வை, அதாவது இடைவெளி, மொத்தம் 19. ஆவர்த்தனத்துக்கு 32. மூன்றேகால் அட்சரம் தள்ளி எடுத்தால் சமத்தில், அதாவது அடுத்த ஆவர்த்தனத்தின் தொடக்கத்தில், வந்து விழும். அழகாக வந்து விழுந்தது. மூன்றாவது 'தொம்'மில் பழக்கதோஷத்தில் குரல் ஏறிவிட, சமத்தில் சின்னவன் கண்ணைத் திறந்தான். மறுபடி நாற்பது ஆவர்த்தனம். அன்றிலிருந்து தீர்மானம் கிடையாது. சொல்லைத் தேய்த்துத் தேய்த்து ஒன்றுமில்லாமல் ஆக்கி எழுந்து வருவேன்.

மற்ற வழிகளும் உண்டு. தலையணையில் சாதகம் செய்தால் விரலை அது திருப்பித் தள்ளாது, கைக்கு நல்ல வேலை. அலுவலகம் போகும் வழியில் ஹெல்மெட்டுக்குள் ஏழு எண்ணிக்கை மிஸ்ர சாபு தாளம் சொல்லிக்கொண்டு போவேன். பாலக்கரை சிக்னலில் ஒருவர் யாரையோ திட்டுகிறேன் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார்.

இதையெல்லாம் நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது அக்காவின் வீட்டில் இருந்தோம். அவள் காபி கலந்துகொண்டே கேட்டாள். அக்கா பன்னிரண்டு வருடம் வீணை கற்றவள். என்னைவிட ஞானம் அதிகம். அவளுடைய வீணை இப்போது அம்மா வீட்டுப் பரணில் பழைய போர்வைக்குள் இருக்கிறது. தந்திகளுக்குக் கீழே இருக்கும் மெட்டுகளைப் பதித்திருக்கும் மெழுகு அந்த வெயிலுக்கு எந்த நிலையில் இருக்கிறதோ. அவளுக்கும் இரண்டு குழந்தைகள். அவள் எப்போது நிறுத்தினாள் என்று யோசித்துப் பார்த்தேன், எனக்குத் தெரியவில்லை. வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. நான் ஐந்தாறு மாதம் வாசிக்காமல் இருந்தபோது மட்டும் அம்மா, மாமா, எதிர்வீட்டு மாமி வரை "பாவம், கை விட்டுப் போயிடப் போகுது" என்று வருத்தப்பட்டார்கள்.

"என்கிட்ட யாரும் கேக்கல. நானே என்கிட்ட கேக்கல" என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதைச் சொன்னபோது அவள், "சரி, உங்களுக்கு மிருதங்கம் இருக்கு, எனக்கு என்ன?" என்றாள். வேண்டியதைச் சொல் என்றேன். அவள் பாட்டும் கேட்கவில்லை, கோலாட்டமும் கேட்கவில்லை. வாரத்தில் ஒரு நாள் காலை ஒன்பது மணி வரை யாரும் எழுப்பாத தூக்கம் வேண்டும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை அது அவளுடையது. அன்று காலை வீட்டில் மிருதங்கம் கிடையாது. இரண்டு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு காவிரிப் பாலம் பக்கம் போய்விடுவேன். அக்காவின் வீணைக்கு நான் செய்ய முடிந்தது, அதைப் பரணிலிருந்து இறக்கித் தஞ்சாவூருக்கு எடுத்துப் போகிறேன் என்று சொன்னது. "பார்க்கலாம்டா" என்றிருக்கிறாள். இதை எழுதும் வரை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

போன ஆவணியில் பிள்ளையார் சதுர்த்திக்கு எங்கள் தெருக் கோயிலில் கல்லூரிப் பெண் ஒருத்தி பாடினாள். வர வேண்டிய மிருதங்கக்காரருக்குக் காய்ச்சல். என்னைக் கூப்பிட்டார்கள். சபையில் உட்கார்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. வேகமான மூன்றாம் காலத்தில் விரல்கள் ஒன்றையொன்று மிதித்தன, மறைத்துக்கொண்டேன். மிருதங்கம் மட்டும் வாசிக்கும் தனியை ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொண்டேன். கச்சேரி முடிந்ததும் அந்தப் பெண், "சவுக்கத்துல கெட்டியா நின்னீங்க சார், எனக்குப் பயமே இல்ல" என்றாள். பெரிய வித்வானிடம் சிட்சை என்று நினைத்திருப்பாள்.

பெரியவளைப் பற்றி இன்னொன்று. அவள் இடதுகைக்காரி. அம்மாவுக்கு இது பெரிய குறை. ஸ்பூனை வலது கைக்கு மாற்றிக்கொண்டே இருப்பார். ஒரு நாள் அவரிடம் மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் கதையைச் சொன்னேன். கச்சேரி மேடையில் மிருதங்கக்காரர் பாடகருக்கு வலப்பக்கம் உட்காருவதே வலந்தலை சபையைப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். பழனிக்கு இடதுகை வாசிப்பு. அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்தால் சபைக்குத் தொப்பிதான் தெரியும். எனவே எதிர்ப்பக்கம் உட்காரும் பிடில்காரர் இடம் மாற வேண்டும், அதற்கு எல்லோரும் சம்மதிக்கவில்லை, வாய்ப்புகள் போயின. பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர்தான் பிடிவாதமாக அவரைக் கூட உட்கார வைத்துக்கொண்டார். அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "அவர் எந்தக் கையால சாப்பிட்டாராம்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் எதிரெதிரே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க இடதுகைக் குழந்தையைப் போல வசதி கிடையாது. நடுவில் ஆளுக்கொரு தலையணை. என் வலது கைக்கு நேரே அவளுடைய இடது கை. கண்ணாடியில் பார்ப்பது மாதிரி. நான் 'நம்' என்ற சொல்லுக்கு விரலை வைத்தால் அவள் அதே பக்கம் வைக்கிறாள், யோசிக்க வேண்டியதே இல்லை. பத்து நிமிடம் தாங்குவாள். அப்புறம் தலையணை மெத்தையாகிவிடும், அதன் மேல் சின்னவன் ஏறிவிடுவான்.

சின்னவனுக்கு இப்போது ஒன்றரை வயது முடிந்துவிட்டது. தூளிக்கு வெளியே முழங்கால் வரை நீட்டிக்கொண்டு கிடப்பான், இப்போதெல்லாம் கட்டிலில்தான் தூங்குகிறான். போன வாரம் மனைவி, "கழட்டிடலாமா? தலையில இடிக்குது" என்றாள்.

"இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்."

"யாருக்கு?"

நான் எழுந்துபோய்க் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து வந்து தூளியில் போட்டேன். மடிக்கிற வரை இருக்கட்டும் என்றேன். போகும்போதும் வரும்போதும் ஒரு தள்ளு தள்ளிவிடுகிறேன். பிள்ளை இருந்த இடத்தில் துவைத்த துணி இருக்கிறது, ஆனாலும் அதே மூன்று விநாடிக்குக் கொஞ்சம் குறைவு.