கொடிவேரியில் ஒரு ஞாயிறு

கோபிசெட்டிபாளையம் பக்கம் போனால் கொடிவேரி அணையை விடுவதில்லை. அணையில் விழும் தண்ணீர் தோள்பட்டையில் அடிக்கிற அடிக்கு மசாஜ் எல்லாம் சும்மா!

நேற்றும் அப்படித்தான் நின்றிருந்தேன். காலடிப் பாறையில் பாசி. ஒரு வழுக்கு, முழங்கை சிராய்ந்துவிட்டது. கரையில் மீன் வறுத்துக்கொண்டிருந்த அக்கா, "பாத்து கண்ணு, குண்டி தேச்சு நகரோணும்" என்றார். பிறகு அப்படித்தான் நகர்ந்தேன், வெட்கப்படாமல்.

இங்கே வெயில் அடிக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். மேலே பவானிசாகர் அணையில் திறந்துவிட்டால் இங்கே தண்ணீர் ஏறும். கலங்கலாக வந்தால் குழந்தைகளை முதலில் கரையேற்றுங்கள், செல்ஃபி அப்புறம். வரத்து அதிகமானால் குளிக்கவே விடமாட்டார்கள்; காவலரிடம் சண்டை போடாதீர்கள்.

அப்புறம், மீன் வறுவல் குளித்த பிறகுதான். நான் முன்னாலேயும் சாப்பிட்டேன், பின்னாலேயும் சாப்பிட்டேன்.