அம்மாவின் நீல இன்ஹேலர்கள்

இன்று அம்மாவின் இழுப்பறையை ஒதுக்கியபோது ஏழு நீல இன்ஹேலர்கள். எல்லாம் காலியாம், குலுக்கினால் உள்ளே இன்னும் களக் களக் என்கிறது. மருந்தைத் தள்ளும் எச்எஃப்ஏ வாயு, எடைக்கு எடை கரியமில வாயுவைவிட 1,000 மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும் என்று தெரிந்தபிறகு குப்பைக் குழாயில் போடக் கை வரவில்லை.

அப்பாவின் ரெஸ்பிமேட் என்ற வேறு வகை இன்ஹேலரில் அந்த வாயுவே கிடையாது, சுருள்கம்பிதான், அடிப்பாகத்தைத் திருகிப் பொத்தானை அழுத்தினால் பனி மாதிரி மருந்து வரும், குப்பியை மட்டும் மாற்றிக்கொண்டே 6 குப்பி வரை ஒரே கருவியை வைத்து ஓட்டலாம். காசு? மருந்துக்குத்தான் விலை, கருவிக்கு இல்லை, பில் குறையவில்லை என்று அப்பா முணுமுணுக்கிறார். அம்மாவின் நீல இன்ஹேலரில் இருக்கும் அவசர மருந்து வேறு, அதற்கு ரெஸ்பிமேட் மாற்றாகாது. சரி, இந்த நீலத்தையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்ளும் இடம் இங்கே யாருக்காவது தெரியுமா?