சேர்வராயன் மலை தந்த 41 மதிப்பெண்கள்: குடிமைப் பணி முதன்மைத் தேர்வு, புவியியல் விருப்பப் பாடம்

மதிப்பெண் பட்டியல் வெளியாகி நான்கு நாள்கள் ஆகின்றன. புவியியல் முதல் தாளில் சென்ற முறை எனக்குக் கிடைத்தவை 86, இம்முறை 127. இறுதிப் பட்டியலின் வால் பகுதியில் என் பெயர் தொற்றிக்கொண்டிருப்பதற்கு அந்த 41 மதிப்பெண்களே காரணம் என்பதால், அவை எங்கிருந்து வந்தன என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். நூற்பட்டியலையும் கால அட்டவணையையும் என்னைவிடப் பொறுமைசாலிகள் பலர் எழுதிவிட்டார்கள்.

என் சறுக்கல் முழுவதும் மானிடப் புவியியல் பகுதியில்தான். நிலமும் காலநிலையும் மனித சமூகங்களை எவ்வாறு வடிவமைத்தன என்ற பொருளில் எந்தக் கேள்வி வந்தாலும் ஒரே விடையை வைத்திருந்தேன். இயற்கையே மனிதனைத் தீர்மானிக்கிறது என்ற ராட்செல், செம்பிள், ஹண்டிங்டன் ஆகிய சூழல் நிர்ணயவாதிகள் ஒரு பக்கம். இயற்கை வாய்ப்புகளைத் தருகிறது, தேர்பவன் மனிதன் என்ற சாத்தியவாதிகளான விடால் டி லா பிளாஷ், ஃபெவர் மறுபக்கம். நடுவில், இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையை எடுத்த கிரிஃபித் டெய்லர். இறுதியில் ‘இயற்கையும் மனிதனும் ஒருவரையொருவர் சார்ந்தவர்கள்’ என்று ஒரு வரி. ஆண்டுகள்கூடப் பிழையின்றி இருந்தன. ஆனால் கல்யாணப் பத்திரிகையில் உறவினர் பெயர்களை அடுக்குவதுபோல அறிஞர்களை அடுக்கியிருந்தேனே தவிர, அந்த விடையில் ஓர் ஆறு இல்லை, ஒரு பயிர் இல்லை, ஓர் ஊர் இல்லை.

தோற்ற பிறகு வந்த ஓராண்டில், வீட்டுச் செலவுக்காக ஏற்காட்டில் மாலை வகுப்பு எடுத்தேன். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தினமும் ஏறி இறங்கியதில், சன்னலோரத்தில் அமர்ந்து எந்த வளைவில் எந்தத் தாவரம் மாறுகிறது என்று குறிப்பேட்டில் எழுதும் பழக்கம் வந்தது. அடிவாரத்தில் முட்புதரும் மூங்கிலும். மேலே சில்வர் ஓக் மரங்களும், அவற்றைச் சுற்றிப் படர்ந்த மிளகுக் கொடிகளும், அவற்றின் நிழலில் காப்பியும். சேலம் ஏறத்தாழ 280 மீட்டரில் இருக்கிறது; ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி இருக்கிறது. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை பாகை என்று கணக்கிட்டால் எட்டு பாகைக் குளிர்ச்சி. ஆகவே உயரம் காப்பியைத் தந்தது, காப்பி இந்த மலைச் சமூகத்தைத் தந்தது என்று முடிவுகட்டி, பெருமையோடு ஒரு பக்கம் எழுதியும் வைத்தேன்.

அந்தப் பக்கத்தைக் கிழிக்க வைத்தவர் நாகலூரில் பேருந்துக்காக என் அருகில் காத்திருந்த ஒரு மலையாளிப் பெரியவர். (கேரளத்தோடு தொடர்பில்லாத, தமிழ் பேசும் பழங்குடியினரைச் சொல்கிறேன்.) “காப்பி இந்த மலைக்குன்னே அமைஞ்ச பயிருங்களா ஐயா?” என்று கேட்டேன். “அது நேத்து வந்தது கண்ணு. எங்க பாட்டன் காலத்துல சாமையும் ராகியும்தான். காப்பித் தோட்டத்துக்கு நாங்க கூலிக்குத்தான் போனோம்” என்றார். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்ற மரபுக் கதையையும் பேருந்து வருவதற்குள் சொல்லி முடித்தார்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது உறைத்தது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியைக் கொண்டுவருவதற்கு முன்பும் மலை இதே உயரம்தான், மழையும் இதே மழைதான். அந்த மண்ணில் ஒரு சமூகம் சாமை விதைத்துத் தன் வயிற்றுக்கு உண்டது. இன்னொரு சமூகம் கப்பலேற்றுவதற்காகக் காப்பி பயிரிட்டு, முதல் சமூகத்தைக் கூலிக்கு அழைத்தது. உயரம் இரண்டுக்கும் இடம் கொடுத்தது. இரண்டில் எது நடந்தது என்பதை நிலம் யார் கையில் இருந்தது, சந்தை எங்கே இருந்தது என்பவை தீர்மானித்தன. இயற்கைக்கும் சமூகத்துக்கும் நடுவே இருக்கும் இதை நான் ‘இடைக்கண்ணி’ என்று பெயரிட்டு அழைக்கத் தொடங்கினேன். பாடநூல் சொல்லன்று; என் சொல். இந்த ஒன்றைத் தவிர என் தயாரிப்பில் வேறெதுவும் மாறவில்லை என்றே சொல்வேன்.

இடைக்கண்ணியைத் தேடத் தொடங்கியதும், பள்ளி நாளிலிருந்து எழுதிவந்த ‘ஆற்றங்கரை நாகரிகங்கள்’ என்ற தொடரே பொருளற்றதாகத் தோன்றியது. அந்நாளில் எத்தியோப்பிய மேட்டுநிலத்தின் கோடைமழையால் நைல் ஆகஸ்ட், செப்டம்பரில் பெருகி, வண்டலை விரித்துவிட்டு, குளிர்கால விதைப்புக்குச் சரியாக வடிந்துவிடும். போகும்போது மண்ணிலிருக்கும் உப்பையும் கழுவிச் செல்லும். டைகிரிசும் யூப்ரடிசும் பனி உருகி இளவேனிலில் பெருகுபவை. அப்போது வயலில் கதிர் முற்றி நிற்கும். அதனால் அங்கே வெள்ளத்தைத் தடுக்கக் கரை வேண்டும், நீர் இல்லாத விதைப்புக் காலத்துக்கு வாய்க்கால் வேண்டும், இரண்டையும் ஆண்டுதோறும் தூர்வாரிச் செப்பனிட ஆள்களைத் திரட்டும் அதிகாரம் வேண்டும். வடிகால் போதாத வயலில் நீர் ஆவியாகி உப்பு தங்க, தெற்கு மெசபடோமியாவில் கோதுமை பின்வாங்கி, உப்பைத் தாங்கும் பார்லி முன்னுக்கு வந்தது. இரண்டுமே ஆற்றங்கரைதான், ஆனால் வெள்ளம் வந்த மாதம் வேறு. பத்து மதிப்பெண் விடைக்கு இந்த ஒன்றே போதும்.

இதன் மறுபக்கத்துக்கு, அதாவது ஒரே இயற்கையில் இரு சமூகங்களின் முடிவு வேறானதற்கு, கிரீன்லாந்தை வைத்துக்கொண்டேன். 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் குடியேறிய நார்ஸ் மக்கள், கடல்நாயை உண்டபோதும் மாட்டையும் ஆட்டையும் விடாமல் வளர்த்தார்கள். 15ஆம் நூற்றாண்டில் அவர்களின் குடியிருப்புகள் அழிந்துபோயின. அதே தீவில் தோல் படகும் எறியீட்டியும் வைத்திருந்த இனுயிட் மக்கள் நிலைத்தார்கள். ஏற்காட்டு உதாரணத்துக்குப் பக்கத்தில் இதை வைத்தால் விடை உள்ளூர்க் கதையாகச் சுருங்காது.

இனி, நேரடியாகப் பயன்படக் கூடியவை:

1. விடை எழுதும் முன் ஓரத்தில் மூன்று சொற்களை எழுதுங்கள்: இயற்கைக் கூறு, இடைக்கண்ணி, சமூக விளைவு. நடுச்சொல் கிடைக்காவிட்டால் அந்த உதாரணத்தை விட்டுவிடுங்கள்.

2. ஒரு விடைக்கு அறிஞர்கள் இருவர் போதும்.

3. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். நாம் தமிழில் எழுத வேண்டும். சூழல் நிர்ணயவாதம், சாத்தியவாதம் போன்றவற்றுக்கு ஒவ்வொரு நூலும் ஒவ்வொரு சொல்லைத் தருகிறது. ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதையே எழுதுங்கள்; கலைச்சொல்லின் ஆங்கில வடிவத்தை அடைப்புக்குறிக்குள் தர அனுமதி உண்டு, வெட்கப்படாமல் தாருங்கள்.

4. உங்கள் ஊரிலிருந்து, கோட்பாட்டுக்கு அடங்காத ஓர் உதாரணத்தைக் கையில் வைத்திருங்கள். எனக்கு அது கஞ்சமலை. காந்தத் தாது நிறைந்த அந்த மலைக்கு அருகிலேயே சேலம் உருக்காலை இருக்கிறது. ஆனால் ஆலை அந்தத் தாதுவை உருக்குவதில்லை. தாது இருந்தால் தொழில் வரும் என்று எழுதுபவர்கள் இங்கே ஒரு முறை வந்து பார்க்கலாம். குச்சிக்கிழங்கும் அப்படித்தான்: தென் அமெரிக்கப் பயிர், நம் செம்மண், ஆனால் சேகோ ஆலைகள் முளைத்தது இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோது.

5. ஐந்திணையை எடுக்காமல் தமிழ்வழி மாணவர்களால் இருக்க முடிவதில்லை. எடுங்கள், ஆனால் ‘நிர்ணயவாதத்தை நம்மவர் முன்பே சொன்னார்கள்’ என்று எழுதாதீர்கள். கருப்பொருளில் உணவு, தொழில், பறை, தெய்வம் எல்லாம் சேர்ந்து வருவதால், அது விடால் டி லா பிளாஷ் சொன்ன, ஒரு மக்கள் கூட்டம் தன் இடத்தோடு ஒட்டி உருவாக்கிக்கொள்ளும் வாழ்க்கைமுறைக்கே நெருக்கமானது.

மனிதன் போக்குவரத்துக் காவலரைப் போல வேகத்தை மாற்றலாம், திசையை மாற்ற முடியாது என்னும் டெய்லரின் உவமையைத் தேர்வறையில் எழுத நேர்ந்தபோது, ஏற்காட்டுப் பேருந்து கைகொடுத்தது. ஓட்டுநர் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். வளைவை மாற்ற முடியாது என்பதே டெய்லரின் கருத்து என்று எழுதிவிட்டு, அந்த வளைவுகளை மலையில் வெட்டியவர்களும் மனிதர்களே என்று அடுத்த வரியில் மறுத்தேன். பக்கத்தில் சேலத்திலிருந்து சேர்வராயன் உச்சி வரை ஒரு குறுக்குவெட்டுப் படம். வரைய இரண்டு நிமிடங்கள் ஆயின.

ஒன்றை மறைக்கக் கூடாது. இந்த உத்தி இரண்டாம் தாளில் எனக்குச் சிறிதும் உதவவில்லை. அங்கே சென்ற முறையைவிட 7 மதிப்பெண்கள் குறைந்தன. வரைபடக் கேள்வியில் கேட்ட பத்து இடங்களில் ஆறைத்தான் குறித்தேன், அவற்றுள் ஒன்று பக்கத்து மாநிலத்தில் போய் விழுந்தது. குறிப்பேட்டில் இருபது வளைவுகளின் தாவரங்களையும் எழுதி வைத்திருந்த நான், இந்திய வரைபடத்தைத் தேர்வுக்கு முந்தைய வாரம்தான் விரித்தேன்.