கடிகாரத்தின் முதுகில்

பேட்டரி மாற்றக் கொடுத்த கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்த கடைக்காரர், உட்புறத்தைக் காட்டினார். ஊசியால் கீறிய பொடி எழுத்துகள்.

“போன தடவை நான் மாத்துன தேதி சார். பேப்பர்ல எழுதினா தொலைஞ்சிடும்.”

எனக்கு சட்டென்று ஜூலியா ஞாபகம் வந்துவிட்டாள்.

எம்மா டோனஹ்யூவின் ‘தி புல் ஆஃப் தி ஸ்டார்ஸ்’ நாவலில் வரும் நர்ஸ். 1918, அயர்லாந்தின் டப்ளின். அப்போது உலகெங்கும் பரவிய ‘ஸ்பானிஷ் ஃப்ளூ’ விஷக்காய்ச்சல் கண்ட கர்ப்பிணிகளுக்கென்று ஒதுக்கிய சின்ன அறை, மூன்றே கட்டில். தன் கையில் ஒரு தாய் இறந்தால், தன் வெள்ளிக் கடிகாரத்தின் பின்புறம் ஒரு நிலாவைக் கீறி வைப்பாள். அவ்வளவுதான். அழக்கூட நேரமில்லை, அடுத்த கட்டிலில் வலி எடுத்துவிடும்.

கதை நடப்பது மூன்றே நாள். பிரசவக் காட்சிகளைப் படிக்கக் கொஞ்சம் தெம்பு வேண்டும், நான் இரண்டு முறை மூடி வைத்தேன்.

அதில் வரும் டாக்டர் கேத்லீன் லின் மட்டும் நிஜம். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக டப்ளினில் நடந்த 1916 ஈஸ்டர் எழுச்சியில் கலந்துகொண்டு சிறை போனவர். 1919இல் டப்ளினில் ஏழைக் குழந்தைகளுக்காக மருத்துவமனையே தொடங்கினார்.

நாவலே கொரோனாவைப் பார்த்து எழுதியதோ என்றுதான் நினைத்தேன். இல்லை, எம்மா 2018லேயே ஆரம்பித்துவிட்டாராம். கடைசிப் பிரதியைப் பதிப்பாளரிடம் கொடுத்தது 2020 மார்ச்சில்!

கடைக்காரர் இன்றைய தேதியைப் பழைய கீறலுக்குக் கீழே கீறி, ஊதிவிட்டு, மூடியை அழுத்தினார்.

“எண்பது ரூபா சார்.”