நிஃப்ட் சிச்சுவேஷன் டெஸ்ட்: விற்காத காகித ஆட்டோ வாங்கித் தந்த சீட்

ஃபேஷன் டிசைன் கல்லூரியான நிஃப்டின் நுழைவுத் தேர்வு ரிசல்ட் வந்து நாலு நாள் ஆகிறது. சீட் கிடைத்துவிட்டது. ரேங்க்கைச் சொல்ல மாட்டேன், பெருமைப்படும்படி இல்லை. எழுத்துத் தேர்வுகளான சிஏடி (படைப்புத் திறன்), ஜிஏடி (பொதுத் திறன்) பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். கொடுக்கும் பொருட்களை வைத்து அங்கேயே ஒரு மாடல் செய்து காட்டும் சிச்சுவேஷன் டெஸ்ட் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். பி.டெஸ் என்ற டிசைன் பட்டப்படிப்பில் அதற்கு 20 சதவீதம்தானே என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எழுத்துத் தேர்வில் சுமாராகச் செய்த என்னைத் தூக்கிவிட்டது அந்த இருபதுதான்.

கோச்சிங்குக்கு ஒரு மாதம் போனேன். எல்லோருக்கும் ஒரே மாடலை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். கட்டிய பணம் போனது போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

உண்மையான கோச்சிங் 2024 பிப்ரவரியில், நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்தது. காமிக் கான் என்ற காமிக்ஸ் ரசிகர் திருவிழா சென்னைக்கு முதன்முதலில் வந்த வருஷம். படங்கள் வரைந்து விற்கும் என் பெரியப்பா மகள் தன் மேஜையில் இரண்டடி இடம் ஒதுக்கித் தந்தாள். அதில் என் காகித ஆட்டோ கிட். வெட்டி, மடித்து, ஒட்டினால் ஆட்டோ. 60 கிட், ஒன்று 150 ரூபாய். பிரபல ஹீரோக்களைப் போட்டிருந்தால் பறந்திருக்கும். உரிமம் இல்லாமல் போட மனசு வரவில்லை.

மதியம் வரை நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு பையன் திரும்பி வந்தான், பத்து வயதிருக்கும். ஓரமாக உட்கார்ந்து செய்து பார்த்திருக்கிறான். ஆட்டோவின் கூரை மடிப்பு நெடுக வெடித்து, மஞ்சள் உதிர்ந்து, வெள்ளை வெள்ளையாகப் பல்லிளித்தது. "அக்கா, நான் தப்பா மடிச்சிட்டேனா?"

தப்பு அவனுடையதில்லை. ஒரு ஷீட்டில் இன்னும் ரெண்டு கிட் அடங்கட்டுமே என்று டிசைனைத் திருப்பி அடுக்கச் சொன்னது நான். "கிரெயின் குறுக்கே போகுதும்மா" என்று அச்சக அண்ணன் அப்போதே சொன்னார். புரிந்த மாதிரி தலையாட்டினேன். பையனுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் முழுக்க அக்காவின் கடைக்குச் சில்லறை மாற்றிக் கொடுப்பதுதான் என் வேலை.

தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். அதுதான் கிரெயின். அதை ஒட்டி மடித்தால் கோடு சுத்தமாக விழும். குறுக்கே மடித்தால், அதுவும் கெட்டித் தாளாக இருந்தால், வெடிக்கும். கண்டுபிடிக்க ஐந்து நொடி போதும்: தாளை நீளவாக்கில் ஒருமுறை, அகலவாக்கில் ஒருமுறை லேசாக வளையுங்கள். எந்தப் பக்கம் முரண்டு பிடிக்காமல் வளைகிறதோ, மடிப்பு அந்தப் பக்கம்தான். சந்தேகமா? ஓரத்தைக் கிழியுங்கள், கிரெயின் வழியே நேராகக் கிழியும்.

தேர்வு அறையில் பொருட்கள் கைக்கு வந்ததும் சுற்றிலும் கத்திரிச் சத்தம். நான் அட்டைகளை வளைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேஜைப் பெண் என்னைப் பாவமாகப் பார்த்தாள். என்ன தலைப்பு வந்தது என்று கேட்காதீர்கள், உங்களுக்கு வேறுதான் வரும். என் மாடலில் ஐடியா சாதாரணம். ஆனால் ஒரு மடிப்புகூட வெடிக்கவில்லை. மாடலின் கட்டமைப்புக்கும் நேர்த்திக்கும் மதிப்பெண் உண்டு.

மற்றவை, தோன்றிய வரிசையில்:

- மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவைத் தூக்கிப் போடாதீர்கள். மடிப்புக் கோட்டில் ஸ்கேல் வைத்து அதால் அழுத்தி இழுத்த பிறகே மடியுங்கள்.
- ஃபெவிகால் அதிகமானால் தாள் நெளியும். தீக்குச்சி முனையில் தொட்டு மெல்லிசாக.
- எல்லாத் துண்டுகளையும் முதலிலேயே வெட்டிக் குவிக்க வேண்டாம். வெட்டியதை ஒட்டிவிட்டு அடுத்ததை எடுங்கள். என் கிட் வாங்கியவர்கள் அதிகம் குழம்பியது இதில்தான்.
- கலர் தாளின் வெட்டு விளிம்பு வெள்ளையாகத் தெரிந்தால் அதே நிற ஸ்கெட்ச் பேனாவை ஓரத்தில் ஓட்டுங்கள்.
- மாடலைப் பற்றி எழுதும் விளக்கக் குறிப்பில் கவிதை வேண்டாம். "இது என்னம்மா?" என்று மேஜை முன் நிற்பவரிடம் சொல்வதுபோல் ரெண்டு வரி.
- குரூப்பாக உட்கார்ந்து பழகுவது எனக்கு ஒத்துவராது. மொட்டைமாடி, ஒரு கட்டு பழைய கல்யாணப் பத்திரிகை, தனிமை.

கடைசிப் பாயின்ட் முக்கியம். கல்யாணப் பத்திரிகை கெட்டித் தாள், காசும் கிடையாது. நான் அதில்தான் பழகினேன். மிச்சமான 37 ஆட்டோ கிட் இன்னும் பரணில் கிடக்கிறது. ஹாஸ்டலுக்குப் போகும்போது அதையும் கட்டிக்கொண்டு போ என்கிறார் அம்மா.