சாந்தில்லாக் கல்சுவர்: மழைக்கு முந்தைய வேலைக் குறிப்புகள்

ஜூலை 14

இடம், செங்கல்பட்டு தாண்டித் திருக்கழுக்குன்றம் போகும் பக்கத்தில் ஒரு புன்செய். மேற்கு எல்லை முழுக்கப் பழைய கருங்கல் சுவர். சிமென்ட், சுண்ணாம்பு, சேறு எதுவும் இல்லை. வெறும் கல்மேல் கல். உயரம் 4 அடி. அடியில் 30 அங்குல அகலம், உச்சியில் 14. அதாவது ஒரு அடி உயர்ந்தால் இரு முகமும் 2 அங்குலம் உள்ளே சாய்கின்றன. சில இடங்களில் வயிறு தள்ளியிருக்கிறது. ஓரிடம் முழுதாகச் சரிந்துவிட்டது.

கல் சார்னோகைட். பல்லாவரம், பரங்கிமலைப் பாறையும் இதே இனம்தான். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இந்தப் பக்கத்துக் கல்தான் போயிருந்தது. அதை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893ல் சார்னாக்கின் பெயரையே கல்லுக்கு வைத்தார். சுவர் கட்டுகிறவருக்கு முக்கியமான சேதி வேறு. இந்தக் கல் ஏடு ஏடாகப் பிரியாது, முண்டு முண்டாகத்தான் உடையும். தட்டைக்கல் கிடைப்பது அரிது. எந்தக் கல் எங்கே உட்காரும் என்று பார்க்கும் கண்தான் பாதி வேலை.

ஜூலை 15

எதையும் பிரிப்பதற்கு முன் புலப்பட (நில அளவை வரைபட) நகலை வைத்து சர்வே கற்களைத் தேடிக் குறித்தாயிற்று. பழைய சுவர்களில் சர்வே கல் அடுக்குக்குள்ளேயே புதைந்து கிடக்கும். அதை நகர்த்தக் கூடாது. 1923ஆம் ஆண்டு சர்வே மற்றும் எல்லைகள் சட்டம் ஒருபுறம் இருக்க, பக்கத்து நிலத்துக்காரரோடு வரும் வழக்குக்கு ஆயுள் அதிகம்.

ஜூலை 20

வயிறு ஏன் தள்ளுகிறது? இந்தச் சுவர் உண்மையில் இரண்டு சுவர். இரு முகமும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. நடுவே சிறுகல் நிரப்பு. அந்த நிரப்பு கீழே இறங்கினால் நடுவில் வெற்றிடம் விழுகிறது, முகக்கற்களின் வால், அதாவது உள்முனை, தாழ்கிறது, முகம் வெளியே பிதுங்குகிறது. சரிந்த இடத்தில் நிரப்பாக இருந்தது மண். ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போயிருக்கிறது. யாரோ பிற்காலத்தில் அவசரமாகச் செய்த பழுதுவேலை. பக்கத்தில் பழைய கட்டு அசையாமல் நிற்கிறது. அதன் நடுவில் கைப்பிடி அளவுக் கற்கள் இறுகக் கிடக்கின்றன.

இன்னொரு இடத்தில் காரணம் அரசங்கன்று. பறவை எச்சத்தில் முளைத்தது. விரல் தடிமனில் இருக்கும்போதே வேரோடு பிடுங்கினால் சரி. தொடை அளவு ஆன பிறகு வெட்டிப் பயனில்லை. வேர் மக்கியதும் அந்தப் பொந்தில் கல் இறங்கும். அந்தப் பகுதியைப் பிரித்து அடுக்குவதே வழி.

ஆகஸ்ட் 3

பிரித்தல். மேலிருந்து வரி வரியாக. கடப்பாரையால் கல்லைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். சுருட்டை விரியனும் தேளும் இருக்கும் இடம் இது. பாம்பு வந்தால் வேலையை நிறுத்தி, அது போக வழி விட்டால் போதும்.

உச்சியில் வரும் மூடுகற்கள் தொலைவில். இரு முகத்தையும் சேர்க்கும் நீளக்கற்கள் தனியாக. முகக்கற்கள் சுவரை ஒட்டி இரு பக்கமும், ஆனால் நடக்க 2 அடி இடம் விட்டு. சிறுகற்கள் குவியலாக. எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டினால், திரும்பக் கட்டும்போது தேடியே பொழுது போய்விடும்.

கணக்கு: இந்த அளவுச் சுவருக்கு 10 அடி நீளத்தில் சுமார் 73 கன அடி. சந்துகளைக் கழித்தால் ஏறக்குறைய 4 டன் கல். பழைய கல் முழுதும் திரும்ப வராது. சில நொறுங்கும், சில மண்ணில் புதைந்திருக்கும். 10 அடிக்கு கால் யூனிட், அதாவது 25 கன அடி, கூடுதலாக வாங்கி வைப்பது நல்லது. அதில் பெரும்பகுதி கைப்பிடி அளவாக இருக்கட்டும். எப்போதும் தட்டுப்பாடு வருவது சிறுகல்லுக்குத்தான்.

ஆகஸ்ட் 9

வானம், அதாவது அடித்தளக் குழி, தோண்டினோம். கிராவல் தட்டும்வரை, இங்கே 9 அங்குலம். ஏரிப் பாசனப் பக்கத்துக் களிமண் என்றால் இன்னும் ஆழம் வேண்டும். அது மழையில் ஊதி வெயிலில் வெடிக்கும். அடியில் கான்கிரீட் வேண்டாம். பெரிய கற்களை, நீளம் சுவருக்குள் போகும்படி, ஆடாமல் பதித்தாயிற்று.

இரு முனையிலும் சவுக்குக் கட்டையில் சுவரின் குறுக்குவெட்டு அளவில் சட்டம். தூக்குக்குண்டு பிடித்து நிறுத்தி, இரு பக்கமும் நூல். ஒவ்வொரு வரி முடிந்ததும் நூல் உயரும்.

ஆகஸ்ட் 10

இன்று முழுக்க முகக்கல். ஒரு கல் இரண்டின்மேல் உட்கார வேண்டும், இரண்டு கல் ஒன்றின்மேல். மேல்வரி மூட்டும் கீழ்வரி மூட்டும் நேராக வந்தால் விரிசல் அந்த வழியாகவே இறங்கும்.

கல்லின் நீளம் உள்ளே போக வேண்டும். அழகான நீண்ட முகத்தை வெளியே காட்டக் கல்லைப் படுக்க வைப்பதுதான் புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் செய்வது. பார்வைக்கு நன்றாக இருக்கும். ஆனால் 4 அங்குலம் மட்டுமே உள்ளே பிடித்திருக்கும் கல்லை ஒரு மாடு உரசினாலே தள்ளிவிடும்.

ஆடும் கல்லுக்கு ஆப்பு உள்பக்கத்திலிருந்து. வெளிமுகத்தில் சில்லு செருகினால் நாளடைவில் கழன்று விழும். ஒரு வரி அடுக்கியதும் அதன் நடுவைக் கையால் நிரப்பிவிட்டே அடுத்த வரி. கூடையால் கொட்டக் கூடாது. மண், எம்-சாண்ட், அரை ஜல்லி எதுவும் ஆகாது. ஜல்லி உருண்டு இறங்கிவிடும்.

ஆகஸ்ட் 17

2 அடி உயரத்தில் குறுக்குக்கல். இரு முகத்தையும் சேர்த்துக் கட்டும் நீளக்கல், 3 அடிக்கு ஒன்று. அந்த உயரத்தில் சுவர் 22 அங்குலம். கல் 24 இருந்தால் இரு பக்கமும் ஓர் அங்குலம் நீட்டிக்கொண்டு நிற்கும், அது போதும். சார்னோகைட்டில் இந்த நீளம் கிடைக்காத இடங்களில் உடைந்த கல்கால் துண்டுகளை வைத்தோம். வேலிக்கு நட்ட பழைய கல்கால்கள் இந்த வட்டாரத்தில் மலிவாகவே கிடைக்கும்.

2018ல் யுனெஸ்கோ எட்டு ஐரோப்பிய நாடுகளின் சாந்தில்லாக் கல்கட்டுக் கலையைத் தன் பட்டியலில் சேர்த்தது. அவர்கள் சொல்லும் மூட்டு விதியும் நீளம் உள்ளே போகும் விதியும், நம் ஏரிக்கரை உள்சரிவில் அலை அரிக்காமல் கல் பதிப்பவர்களின் கையிலும் இருப்பவைதான். அந்தக் கைகளை இங்கே யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஜேசிபி ஒன்று வந்து தள்ளிவிட்டுக் கம்பிவேலி போட்டுவிடுகிறது.

ஆகஸ்ட் 24

மூடுகற்கள். செங்குத்தாக நிறுத்தி, ஒன்றோடொன்று இறுக்கி, கடைசி இடைவெளியில் சம்மட்டியால் ஒரு கல்லை அடித்து இறக்க வேண்டும். உச்சி வரியை அழுத்திப் பிடிப்பது இந்த எடைதான்.

செப்டம்பர் 2

வெளிமுகத்துச் சந்துகளை அடைத்து சிமென்ட் பாயிண்டிங் பூசலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். மேற்குப் பக்க நிலம் இங்கே ஒரு அடி மேடு. மழைத் தண்ணீர் இப்போது நூறு சந்துகளில் வழிந்து வெளியேறுகிறது. பூசினால் அது பின்னால் தேங்கி, நனைந்த மண்ணோடு சேர்ந்து சுவரைத் தள்ளும். சாந்தில்லாச் சுவர் தரை அசையும்போது கல் கல்லாக இடம் மாறிக்கொள்ளும். பூசிய முகம் பலகையாக விரிந்து சாயும். செலவு செய்துதான் ஆக வேண்டும் என்றால், மேட்டுப் பக்கம் ஒரு அடி அகலத்துக்கு மண்ணை எடுத்துவிட்டு உடைகல் நிரப்புங்கள்.

நவம்பர் 11

இரண்டு கனமழை தாண்டியது. உச்சியிலிருந்து நூல் கட்டிப் பார்த்ததில் முகம் நேராகவே இருக்கிறது. மூடுகல் ஒன்று தளர்ந்திருந்தது; பக்கத்தில் சில்லு வைத்து அடித்து இறுக்கியாயிற்று. மேட்டுப் பக்கம் சுவரடியில் தண்ணீர் தேங்கிய இடத்தில் சருகு அடைத்திருந்தது, வாரி எடுத்தோம். வடக்கு முனையில் ஆலங்கன்று இரண்டு, இரண்டு இலைப் பருவம். மண் ஈரமாக இருப்பதால் வேரோடு வந்துவிட்டன. அடுத்த பார்வை தை அறுவடைக்குப் பிறகு, தரை காய்ந்ததும்.